உட்காரும் வயது

பொடிசுக்கு அறுபது வயது முடிந்துவிட்டது என்று முதலில் ஒப்புக்கொண்டது அவருடைய அலுவலகம்தான். நாலு பேர் பேசினார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். வீடு அவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்வதாக இல்லை.

ஏழு பிள்ளைகளில் அவர் கடைசி. பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது சம்பளப் பட்டியலைத் தாண்டி வெளியே வந்ததில்லை. தலையில் முடி கொட்டி, கண்ணில் ஆபரேஷன் முடிந்து, மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்த பிறகும் வீட்டில் அவர் பொடிசுதான். தெருக்கோடி மளிகைக் கடைக்காரர் மட்டும் கொஞ்சம் மரியாதை சேர்த்துப் 'பொடிசு சார்' என்பார்.

அலுவலகத்தில் கதையே வேறு. வட்டாரப் புள்ளிவிவர அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடமாக அவர் ஒரே ஒரு கோட்டைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார். வட்டாரத்து ஜனங்களில் உழைக்கிற வயதில் இருப்பவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று காட்டுகிற கோடு அது. பதினைந்துக்குக் கீழே இருந்தால் பிள்ளைகள், அறுபதைத் தாண்டினால் பெரியவர்கள், நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் உழைக்கிறவர்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கே திரும்பினாலும் பிள்ளைகள். பள்ளிக்கூடங்களில் பெஞ்சு போதாமல் தரையில் உட்கார வைத்தார்கள். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அந்தப் பிள்ளைகள் வளர வளரக் கோடும் எழுந்து நின்று மேலே ஏறியது. சில வருடங்களுக்கு முன்னால் உச்சியைத் தொட்டுவிட்டு இப்போது மெல்லத் தலையைக் குனிய ஆரம்பித்திருக்கிறது. பள்ளிக்கூடங்களில் பெஞ்சுகள் காலியாகிவிட்டன. ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் பெஞ்சு போதவில்லை.

மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் பொடிசு கையில் ஒரு குச்சியோடு அந்தக் கோட்டின் பக்கத்தில் நிற்பார். சாப்பிடுகிற வாய் குறைவாகவும் உழைக்கிற கை அதிகமாகவும் இருக்கிற காலம் ஒரு தடவைதான் வரும் என்பார். அது போன பிறகு யார் யாரைத் தாங்குவது என்பதை இப்போதே யோசித்தாக வேண்டும் என்பார். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

இன்னொரு விஷயத்திலும் அவருக்கு அங்கே பேர் உண்டு. ஜனங்கள் வயது சொல்லும்போது வாய் கூசாமல் பொய் சொல்வார்கள் என்பது அவருடைய தீர்மானமான கொள்கை. கணக்கெடுப்புத் தாளில் நாற்பத்தொன்பதும் ஐம்பத்தொன்றும் அபூர்வம், ஊரில் பாதிப் பேருக்கு ஐம்பது. பொய் வயதை மூக்காலேயே மோப்பம் பிடித்துவிடுவார் என்று கீழே வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அந்த மூக்கைப் பற்றி நாம் ரொம்பப் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அந்தக் கோட்டையும் இந்த மூக்கையும் அவர் தினமும் சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்.

உள்ளே அப்பாவின் சட்டம் நடந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு மரக்கடையில் மேலாளராக இருந்தவர், நீளம் அகலம் போடாமல் எதையும் பேசமாட்டார். பதினைந்து முடிந்தால் ஓடு, அறுபது முடிந்தால் உட்கார். இதுதான் சட்டம். ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர், கடை, அடுப்பு, துணி, மின்கட்டணம், ஆஸ்பத்திரி எல்லாம். உட்கார்ந்தவர்களுக்குக் கூடத்தில் ஒரு பிரம்பு நாற்காலி, நேரத்துக்கு டீ, வீட்டு விஷயத்தில் பேசுகிற உரிமை. உட்கார்ந்தவர் எங்கே போகிறார், எப்போது வருகிறார் என்று ஒருவரும் கேட்கக்கூடாது. ஓடுகிறவர்கள், தங்களை யாராவது கேட்டால் ஒழிய, வாயைத் திறக்கக்கூடாது.

சட்டம் போட்ட காலத்தில் அதில் ஒரு தப்பும் இல்லை. அப்பாவின் அப்பா ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு டீ கொண்டுவர எட்டுப் பேர் இருந்தார்கள். முதல் டீ ஆறுவதற்குள் இரண்டாவது டீ வந்துவிடும். பிள்ளைகள் எல்லாரும் தலையெடுத்துச் சம்பாதித்த வருடங்களில்தான் மாடி அறை எழும்பியது, கிணற்றுக்கு மோட்டார் வந்தது, சுவருக்கு நிறம் வந்தது. பிறகு ஒவ்வொருவராக அறுபதைத் தொட்டார்கள். தொட்ட கையோடு நாற்காலி வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் படித்து முடித்ததும் ஆளுக்கொரு திசையில் பறந்துவிட்டார்கள்.

ஏழு பேரில் மூன்று பேர் வேறு ஊர்களுக்குக் குடித்தனம் போய்விட, இப்போது கூடத்தில் மூன்று நாற்காலி. முதலாவதில் பெரியக்கா, எழுபத்தாறு வயது. கல்யாணமே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்று, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் எந்த மூலையில் முணுமுணுத்தாலும் அவர் காதில் விழுந்துவிடும். இரண்டாவதில் பெரியண்ணன். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவர், மனைவி இல்லை, இரண்டு மகன்களும் வெளிநாட்டில். டீ மூன்று மணிக்கு வராவிட்டால் மூன்று ஐந்துக்கு ஒரு இருமல் இருமுவார். மூன்றாவதில் ஸ்டூடியோ அண்ணன். போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்து மூடியவர், பிரம்மச்சாரி, யாரையும் முகத்துக்கு நேரே பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்துதான் பார்ப்பார்.

ஓடுகிறவர்கள் இரண்டே பேர். வெளி வேலைக்குப் பொடிசு, உள் வேலைக்கு அவர் மனைவி. கல்யாணமாகி வந்த நாளில் மாமனார் அவளைச் 'சின்னவள்' என்று கூப்பிட்டார், அதுவே நிலைத்துவிட்டது. பொடிசு அலுவலகம் போயிருக்கிற நேரத்தில் வெளி வேலையும் சின்னவள் தலையில்தான் விழும். அதாவது வாரத்தில் ஆறு நாள். கணக்கெடுப்புத் தாளில் தன் வீட்டுப் பக்கத்தைப் பொடிசே நிரப்புவார். சின்னவளுக்கு நேரே வேலை என்ற கட்டத்தில் 'இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதுவார். அவர் வீட்டைக் கோடாகப் போட்டால் அது வட்டாரக் கோட்டை அப்படியே உரித்துவைத்த மாதிரி இருக்கும். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு நாளும் இது அவருக்குத் தோன்றவில்லை.

இவர்களுக்கு ஒரே மகள். ரயிலில் ஒரு பகல் பயணத்தூரத்தில் இருக்கிற ஊரில் வேலை. அவளுக்கு அடுத்த மாதம் பிரசவம். புருஷனுக்குத் தாய் இல்லை, பக்கத்தில் வேறு மனுஷர்களும் இல்லை. 'அம்மா, நீ வந்து பக்கத்துல இருந்தா போதும்' என்று ஒரு நாள் போனில் அழுதுவிட்டாள். சின்னவளும் போனை வைத்துவிட்டுச் சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். இரண்டு நாள் கழித்து அவள் தட்டுகளை எடுக்கும்போது பெரியக்காவிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். பெரியக்கா "பார்க்கலாம்" என்றார். அந்த வீட்டில் 'முடியாது' என்ற வார்த்தையை யாரும் உபயோகிப்பதில்லை. 'பார்க்கலாம்' என்றுதான் சொல்வார்கள்.

பெரியக்கா கெட்டவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். சின்னவள் போனால் மூன்று பேர் மூன்று வேளையும் என்ன சாப்பிடுவது என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவ்வளவுதான்.

பொடிசுக்கு இது முள்ளாகக் குத்தியது. ஆனால் அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. அறுபது முடிந்தால் அவரும் உட்கார்ந்தவர். உட்கார்ந்தவருக்குப் பேச்சு உண்டு. உட்கார்ந்த மறுநிமிஷம் முதல் பேச்சாக, சின்னவள் மகளிடம் போகட்டும் என்று சொல்லிவிடுவார். இதை அவர் மனைவியிடம் பெருமையாகச் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் உட்கார்ந்துட்டா ஓடுறது யாரு?" என்று கேட்டாள்.

அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் பொடிசு. வட்டாரத்தையே வகுத்துப் பெருக்கிய மனுஷர், நான்கு பேர் உட்கார்ந்து ஒருத்தி நின்றால் அந்த ஒருத்தியை எங்கேயும் அனுப்ப முடியாது என்கிற கணக்கைப் போடவில்லை. சின்னவள் போர்வையை உதறி மடிக்க ஆரம்பித்தாள்.

நாற்காலியை அவர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். சனிக்கிழமை ஒரு வண்டியில் வந்து இறங்கியது. மற்ற மூன்றையும்விட ஒரு பிடி உயரம், கைப்பிடியில் டம்ளர் வைக்க ஒரு வட்டப் பள்ளம். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் கூடத்தில் மூன்றுக்கும் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார். மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்தது. சின்னவள் டம்ளர்களைத் தட்டில் சேர்த்துக்கொண்டிருந்தாள். பொடிசு தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கு அறுபது முடிந்துவிட்டதையும் அலுவலகத்தில் விடை கொடுத்ததையும் எடுத்துச்சொல்லி, அப்பாவின் சட்டப்படி இன்று முதல் உட்காரப் போவதாக அறிவித்தார். சொல்லிவிட்டு நாற்காலியின் உறையில் கை வைத்தார்.

"கையை எடு," என்றார் பெரியக்கா. "உனக்கு ஐம்பத்தெட்டுதான் ஆகுது."

இதைப் பொடிசு எதிர்பார்க்காமல் இல்லை. ஆனால் எழுபத்தாறு வயதில் ஞாபகம் கொஞ்சம் மங்கியிருக்கும் என்று நம்பியிருந்தார். பெரியக்காவுக்கோ எல்லாம் நேற்று நடந்த மாதிரி இருந்தது. அவர் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த வருடம்தான் பொடிசு பிறந்தார். மூன்று வயதில் அவர் பண்ணிய அட்டகாசம் தாங்காமல் அம்மா நாளெல்லாம் அழ, அப்பா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பிள்ளைக்கு ஐந்து வயது என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டு வந்தார். தலைமையாசிரியர் நம்பாமல், வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். பிள்ளைக்குக் குரங்குக் கை. தொட்டுவிட்டது. அன்றைக்குச் சேர்ந்த இரண்டு வயது அறுபது வரைக்கும் அவரைவிட்டு இறங்கவில்லை.

வயதுப் பொய்யை மோப்பம் பிடிக்கிற மூக்குக்குச் சொந்தக்காரர் இதை அத்தனை வருடமும் அறிந்தே இருந்தார். இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. சான்றிதழில் இருக்கிறது, சம்பளப் புத்தகத்தில் இருக்கிறது, அரசாங்கமே அறுபது என்று ஒத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்றார்.

"அரசாங்கமா உன்னை இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சது?" என்று கேட்டார் பெரியக்கா.

பெரியண்ணன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். டிப்போவில் எத்தனையோ வழக்குகளைத் தீர்த்த மனுஷர். பஸ் எப்போது வந்து சேர்ந்ததோ அதுதான் நேரம், போர்டில் என்ன எழுதியிருந்தால் என்ன என்றார். ஸ்டூடியோ அண்ணன் பக்கவாட்டில் சாய்ந்து பொடிசைப் பார்த்தார். போட்டோ மாதிரி ரீடச் பண்ணித் திருத்தின வயது செல்லாது என்று அவரும் ஒரு வரி போட்டார். கடைசியில் பெரியண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து தீர்ப்பைச் சொன்னார்.

"இந்த வீட்டுல சர்டிபிகேட் வயசு செல்லாது. பொறந்த வயசுதான். எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

பொடிசின் கை உறையை விட்டுத் தானாக நழுவியது. நாற்காலி போனால் போகட்டும். இன்னும் இரண்டு வருடம் நின்றாலும் கால் ஒன்றும் ஒடிந்துவிடாது. ஆனால் மகள் இரண்டு வருடம் காத்திருக்கமாட்டாள். இவர் உட்கார்ந்து வாய் திறப்பதற்குள் பேரப்பிள்ளை பிறந்து, தவழ்ந்து, ஓடவே ஆரம்பித்திருக்கும். மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. அதனால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதனால்தான் அவள் வந்ததை அவர் பார்க்கவில்லை. சரசரவென்று பிளாஸ்டிக் நசுங்குகிற சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தார். டம்ளர்த் தட்டைப் பெரியண்ணனின் காலடியில் வைத்துவிட்டு, சின்னவள் நான்காவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உறை போட்டபடியே.

அவளுக்கு மயக்கம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இந்த வீட்டில் அவள் கூடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பொடிசு தண்ணீர் எடுக்க ஓடப் பார்த்தார்.

"தண்ணி வேணாம்," என்றாள் சின்னவள். "எனக்கு அறுபத்திரண்டு ஆயிடுச்சு. பொறந்த வயசு."

சுவரில் புதுக் கடிகாரம் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெரியண்ணன்தான் முதலில் சுதாரித்தார். கல்யாணத்தின்போது இருபத்தைந்து என்றல்லவா சொன்னார்கள், அப்படியானால் இப்போது ஐம்பத்தேழு, இதென்ன புதுக் கதை என்றார். சின்னவள் பதற்றப்படாமல் அவர் பக்கம் திரும்பினாள்.

"போன மாசம் என் தம்பி ரிட்டையர் ஆன விருந்துக்கு எல்லாரும் வந்தீங்களே மாமா. அவனுக்கு அறுபது. அவன் என் தம்பி."

கணக்கு மெதுவாக ஒவ்வொரு முகமாக இறங்கியது. விருந்துக்கு மூன்று நாற்காலிக்காரர்களும் வாடகைக் காரில் போய் வந்தார்கள். ஸ்டூடியோ அண்ணன் அக்காவையும் தம்பியையும் சேர்த்து நிற்கவைத்துப் போட்டோகூட எடுத்தார். பொடிசு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மைத்துனர் கையைக் குலுக்கி, உங்களுக்கு அறுபது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தார். அறுபது வயதுத் தம்பிக்கு ஐம்பத்தேழு வயதில் ஒரு அக்கா எப்படி இருக்க முடியும் என்று அந்தப் பந்தியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வட்டாரத்தின் பேர்போன மூக்கு அன்றைக்குச் சாப்பாட்டு வாசனையோடு திருப்தி அடைந்துவிட்டது.

"அப்போ உங்க அப்பா எங்க அப்பாகிட்டப் பொய் சொன்னாரா?" என்று பெரியக்கா கேட்டார்.

"முப்பது வயசுப் பொண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காதுன்னு அஞ்சு வயசைக் குறைச்சார் அண்ணி. உங்க அப்பா பள்ளிக்கூடத்துல ரெண்டு வயசைக் கூட்டலையா?"

பொடிசு திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். முப்பத்திரண்டு வருடமாகத் தன்னை 'என்னங்க' என்று குரலைத் தாழ்த்திக் கூப்பிடுகிறவள் தன்னைவிட நாலு வயது மூத்தவள். யோசித்துப் பார்த்தால், கல்யாணமான புதிதில் அவரை 'சின்னப் பையன் மாதிரி பண்ணாதீங்க' என்று அவள் அடிக்கடி அதட்டியதற்கு நியாயம் இருந்திருக்கிறது.

பெரியண்ணன் சட்டத்தில் ஓட்டை தேடினார். தீர்ப்பு அவர் சொன்னதுதான், அதை விழுங்க முடியாது. ஆனால் அப்பா சட்டம் போட்டது இந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு அல்லவா, வந்த மருமகள்களுக்கு என்று அவர் எங்கேயும் சொல்லவில்லையே என்று இழுத்தார். அதற்கு ஆதாரமாக ஒன்றையும் சொன்னார்.

"அம்மா உட்காரலையே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அம்மா உட்காரவில்லை. அறுபதைத் தாண்டியும் பதினொரு வருடம் அடுப்படியில் நின்றாள், ஒரு நாள் காலையில் அங்கேயே சரிந்தாள். அப்பாவுக்கு நாற்காலி வந்தது. அம்மாவுக்கு நாற்காலி வாங்க வேண்டும் என்று ஏழு பிள்ளைகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எந்த மூலையில் முணுமுணுத்தாலும் கேட்கிற காது பெரியக்காவுடையது. ஆனால் அம்மா முணுமுணுத்ததே இல்லை.

சின்னவள் அதற்குமேல் யாரையும் குத்திக்காட்டவில்லை. புடவை முந்தானையை மடியில் சரிசெய்துகொண்டு, விஷயத்துக்கு வந்தாள்.

"நாளைக்குக் காலை வண்டியில என் பொண்ணுகிட்டப் போறேன். கேக்கலை, சொல்றேன்."

எப்போது திரும்பி வருவாய் என்று பெரியண்ணன் பாதி கேட்டுவிட்டார். பெரியக்கா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். உட்கார்ந்தவங்களை அப்படிக் கேட்கக்கூடாது என்று அப்பாவின் சட்டத்தை ஞாபகப்படுத்தினார்.

அந்த நேரம் பார்த்து மணி மூன்று அடித்தது. பெரியண்ணன் பழக்கதோஷத்தில் சமையலறைப் பக்கம் பார்த்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார். பிறகு மூன்று நாற்காலிகளிலிருந்தும் பார்வை மெதுவாக நகர்ந்து, அந்தக் கூடத்தில் நின்றுகொண்டிருந்த ஒரே ஆள்மீது போய் நின்றது.

பொடிசுக்கு அப்போதுதான் வீடு கோடாகத் தெரிந்தது. ஐந்து பேரில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். உழைக்கிற வயதில் இந்த வீட்டில் மிச்சம் இருக்கிற மொத்த ஜனத்தொகை தான் ஒருவர் மட்டுமே. அலுவலகமும் இல்லாததால் வாரத்தில் ஏழு நாளும். யார் யாரைத் தாங்குவது என்று இத்தனை வருடம் குச்சியை வைத்துக்கொண்டு கேட்ட கேள்விக்கு, வெறுங்கையோடு பதில் சொல்ல வேண்டிய வேளை வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரிக்கவேண்டும்போல இருந்தது. கூடவே, இவ்வளவு நாளும் நடந்ததை நினைத்தால் நெஞ்சு வலித்தது. பெரியண்ணன் காலடியில் இருந்த டம்ளர்த் தட்டைக் குனிந்து எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

அவர் பால் வைத்தார். டீத்தூளைக் கண்ணில் பட்ட டப்பாவிலிருந்து கணிசமாகக் கொட்டினார். அடுத்து என்ன என்று கொஞ்ச நேரம் அலமாரியோடு மல்லுக்கட்டிய சத்தம் கூடத்துக்குக் கேட்டது. ஒரு மூடி உருண்டது. "சர்க்கரை எங்கே இருக்கு?" என்று குரல் வந்தது.

சின்னவள் பழகிய காலோடு எழுந்துவிட்டாள். பாதி எழுந்தவளின் தோளில் ஒரு கை விழுந்து அவளை நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தது. பெரியக்காவின் கை. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, எங்கெங்கோ மடக் மடக்கென்று எலும்பு சத்தம் போட, தன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நீ உட்காரு," என்றார். "அம்மாவைத்தான் நிக்க வச்சே அனுப்பிட்டோம்."

பதினாறு வருடத்துக்குப் பிறகு அவர் அந்தச் சமையலறைக்குள் நுழைந்தார். அதற்குள் அங்கே எல்லாம் இடம் மாறியிருந்தது. அக்காவும் தம்பியுமாகச் சேர்ந்து தேடினார்கள். பருப்பு கிடைத்தது, சோடா உப்பு கிடைத்தது, ஒரு டப்பாவில் பழைய பொத்தான்கள்கூடக் கிடைத்தன, சர்க்கரை கிடைக்கவில்லை. பெரியக்கா இங்கே பாரு என்றார், பொடிசு அங்கே பார்த்தார். பால் பொங்கி வழிந்தது. கூடத்தில் பெரியண்ணன் இருமலுக்கு வாயைத் திறந்தார். பக்கத்து நாற்காலியில் சின்னவளைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிக்கொண்டார். ஸ்டூடியோ அண்ணன் எழுந்துபோய், வழிந்த பாலைத் துடைக்கத் துணி தேடினார்.

கடைசியில் டீ வந்தது. பொடிசு முதல் டம்ளரை மனைவிக்கு நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா ஏன் சொல்லலை?" என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சொல்லியிருந்தா யாரு எந்திரிச்சிருப்பீங்க?"

டம்ளரை ஊதி ஒரு வாய் குடித்தாள். முப்பத்திரண்டு வருடத்தில் அந்த வீட்டில் தன் கை படாத டீயை அவள் குடிப்பது இதுதான் முதல் தடவை. சமையலறை வாசலில் பெரியக்கா, கரித்துணியோடு ஸ்டூடியோ அண்ணன், எதிரே பொடிசு, எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டீ எப்படி என்று பொடிசு கேட்டார்.

"வாயில வைக்க முடியலை," என்றாள் சின்னவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி டம்ளரை நீட்டினாள்.